கிணற்று நீரில் களைக்கொல்லி: சோதித்து அறிவது எப்படி?

மக்காச்சோளம் விதைத்த மூன்றாம் நாள் அட்ரசின் களைக்கொல்லி தெளிப்பது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. களையெடுக்க ஆள் கிடைக்காத காலத்தில் இது கைகொடுக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தெளித்த மருந்து முழுவதும் களையோடு போய்விடுவதில்லை. அட்ரசின் மண்ணில் அழுத்தமாக ஒட்டிக்கொள்ளாது. மழை பெய்ததும் நீரோடு நகர்ந்து ஓடைக்கும் கிணற்றுக்கும் வந்து சேரும். வெயில் எட்டாத நிலத்தடி நீரில் அது சீக்கிரம் சிதைவதும் இல்லை.

நம் உடம்பில் சில சுரப்பிகள் மிகச் சிறிய அளவில் சுரக்கும் ஹார்மோன்களே வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் நடத்துகின்றன. இந்த ஒழுங்கைக் குலைக்கும் ரசாயனங்களும் அதேபோல் சிறிய அளவிலேயே குலைக்கக்கூடும் என்பதுதான் விஞ்ஞானிகளின் கவலை. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக் கழகத்தின் டைரோன் ஹேய்ஸ் குழுவினர், லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராம் அட்ரசின் கலந்த நீரில் ஆண் தவளைகளைத் தலைப்பிரட்டைப் பருவம் முதல் வளர்த்தார்கள். அவற்றில் பத்தில் ஒன்று பெண்ணாக மாறி முட்டையும் இட்டது என்று 2010-ல் வெளியிட்டார்கள். மருந்து தயாரிப்பாளர் தரப்பு இதை ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் அட்ரசின் இன்றும் புழக்கத்தில் உள்ளது. ஐரோப்பியக் கூட்டமைப்போ, நிலத்தடி நீரில் கலப்பதைக் காரணம் காட்டி 2004-ல் அனுமதி மறுத்தது. தவளைக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேரும் என்று அப்படியே சொல்லிவிட முடியாது. ஆனாலும் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் குடிப்பது அந்தக் கிணற்று நீர்தான் என்றால், சோதித்துப் பார்ப்பதே நல்லது.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012-ல் வெளியிட்ட குடிநீர்த் தரத்தின்படி (ஐ.எஸ். 10500) அட்ரசின் லிட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. அதாவது, 10 லட்சம் லிட்டர் நீரில் 2 கிராம். இதை நம் கிணற்றுக்குக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 20 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் 15 அடி நீர் நின்றால் அது ஏறக்குறைய 1 லட்சத்து 33 ஆயிரம் லிட்டர். அந்த நீர் முழுவதையும் வரம்புக்குக் கொண்டுவர கால் கிராமுக்குச் சற்றே கூடுதலான அட்ரசின் போதும். ஏக்கருக்கு 200 கிராம் தூளை 360 லிட்டர் நீரில் கலந்து தெளிக்கிறோம். தூளில் பாதிதான் அட்ரசின். அப்படியும், தெளிப்பானில் மிஞ்சிய ஒரே ஒரு லிட்டர் கலவை கிணற்றில் விழுந்தால் அந்தக் கால் கிராம் சேர்ந்துவிடும். பம்பு செட் தொட்டியருகே தெளிப்பானைக் கழுவுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

வழக்கமான நீர்ப் பரிசோதனையில் இது தெரியாது. உப்பு நிலை, கார அமில நிலை, குளோரைடு ஆகியவற்றைப் பார்த்து 'நல்ல நீர்' என்று சீட்டு கொடுத்துவிடுவார்கள். அட்ரசினுக்கு நிறமோ வாசனையோ இல்லை. மனித ஹார்மோன் ஏற்பியைப் புகுத்திய ஈஸ்டைக் கொண்டு, நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. ஆனால் அட்ரசின் வேறு வழியில் வேலை செய்வதால் அதிலும் தப்பிவிடும். ஆகவே பூச்சிமருந்து எச்சங்களை அளக்கும் கருவியுள்ள, அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் 'அட்ரசினும் அதன் சிதைவுப் பொருளான டீஎத்தில் அட்ரசினும்' என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கட்டணம் கூடுதலாகவே இருக்கும். அக்கம்பக்கத்தார் நான்கைந்து பேர் சேர்ந்து, பள்ளத்தில் இருக்கும் ஒரு கிணற்றை முதலில் சோதிக்கலாம்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டியை ஆய்வுக்கூடத்திலேயே வாங்கிக்கொள்வது உத்தமம். பிளாஸ்டிக் புட்டி ஆகாது. காலி மருந்துப் புட்டியை எவ்வளவு கழுவினாலும் ஆகாது. மருந்து தெளித்த கையோடும் உடையோடும் மாதிரி எடுக்கப் போகக்கூடாது. பம்பு செட்டை 10 நிமிடம் ஓடவிட்டு, புட்டியை அலசாமல் நேரே பிடித்துக் கழுத்துவரை நிரப்ப வேண்டும். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, வெளிச்சம் படாமல் மறுநாளுக்குள் சேர்த்துவிட வேண்டும். மருந்து தெளித்த தேதி, மழை பெய்த தேதி, கிணற்றின் ஆழம் மூன்றையும் சீட்டில் குறிப்பது அவசியம். புரட்டாசியில் விதைத்தவர்கள், தெளித்தபின் வரும் முதல் நல்ல மழையில் கிணறு ஊறியதும் ஒரு மாதிரியும், பங்குனியில் ஒரு மாதிரியும் எடுத்தால் உண்மை நிலை புலப்படும்.

அளவு மிகுந்திருந்தால் கலங்க வேண்டாம். அந்த வரம்பு ஆயுள் முழுதும் குடிப்பதை எண்ணி வகுத்தது. குடிக்கவும் சமைக்கவும் வேறு நீருக்கு மாறிக்கொண்டு, அடுத்த பருவத்தில் மீண்டும் சோதியுங்கள். நீரைக் கொதிக்க வைப்பதால் பயனில்லை. நீர் சுண்ட மருந்துதான் செறியும். கரி வடிகட்டி ஓரளவு பிடிக்கும், ஆனால் கரியை உரிய காலத்தில் மாற்ற வேண்டும்.

தெளிப்பானைக் கிணற்றடியில் கழுவாமல் தெளித்த வயலிலேயே மூன்று முறை அலசி, அந்த நீரை அங்கேயே பரவலாகத் தெளித்துவிடுங்கள். பயறு ஊடுபயிராக உள்ள மக்காச்சோளத்தில் அட்ரசின் தெளிக்கவே கூடாது. அலசிய நீரையும் அங்கே ஊற்ற வேண்டாம், பயறு கருகிவிடும்.