நாய் கடித்த பிறகு உடம்புக்குள் என்ன நடக்கிறது? ரேபிஸ் வைரஸ் போகும் பாதை

"சின்ன கீறல்தானே, மஞ்சள் வச்சா சரியாகிடும்." நாய்க்கடிக்குப் பிறகு பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. கீறல் சின்னதாக இருக்கலாம். அதன் வழியே எது உள்ளே போகிறது என்பதுதான் விஷயம்.

ரேபிஸ் என்ன வகைக் கிருமி?

பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, ஒட்டுண்ணி என நோய்க்கிருமிகள் பல வகை. பெரும்பாலான பாக்டீரியாக்கள் தாமாகவே பெருகும். வைரஸால் அது முடியாது. இன்னொரு உயிரின் செல்லுக்குள் புகுந்தால்தான் அது தன்னை நகலெடுக்கும். ரேபிஸ் ஒரு வைரஸ். தோட்டா வடிவம், வெறும் 5 மரபணுக்கள். அவ்வளவுதான் அதன் மூலதனம்.

எப்படித் தாக்குகிறது?

நாயின் எச்சில் வழியே காயத்துக்குள் வரும் வைரஸ், தசையிலிருந்து நரம்பு முனைக்குள் நுழைகிறது. பிறகு நரம்பு வழியாகவே தண்டுவடம், மூளை என்று மெதுவாக நகர்கிறது. நரம்புக்குள் பதுங்கிப் போவதால் நோய் எதிர்ப்பு மண்டலம் அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. காய்ச்சலும் இருக்காது, வலியும் இருக்காது. "ஒண்ணும் ஆகல" என்று நினைக்கும் காலம் இது. பொதுவாக 2 முதல் 3 மாதம். ஒரே வாரமாகவும் இருக்கலாம், ஒரு வருடமும் ஆகலாம். முகம், தலையில் கடிபட்டால் மூளைக்குத் தூரம் குறைவு.

மூளையில் பெருகிய வைரஸ் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்குகிறது. தண்ணீரைக் குடிக்க முயன்றாலே தொண்டைத் தசைகள் இறுகும். அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது.

என்ன செய்யணும்?

வைரஸ் மூளையை அடைவதற்கு முன் உடலைத் தயார்படுத்துவதுதான் ஒரே வழி.

* காயத்தை உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவவும். இந்த வைரஸின் மேலுறையில் கொழுப்பு இருக்கிறது. சோப்பு அதைச் சிதைத்துவிடும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம்.

* அன்றே தடுப்பூசி போடத் தொடங்கவும். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28-ம் நாட்களில் போடுவார்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

* ரத்தம் வந்திருந்தால் ஊசி மட்டும் போதாது. தடுப்பூசி வேலை செய்யச் சில நாட்கள் ஆகும். அதுவரை காக்க, தயார்நிலை எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினைக் காயத்தைச் சுற்றிச் செலுத்துவார்கள். டாக்டரிடம் கேட்டுப் பெறவும்.

வீட்டு நாய், குட்டி நாய் என்றாலும் இதேதான். "நாய்க்கு எதுவும் ஆகுதான்னு பார்ப்போம்" என்று ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடவும் வேண்டாம்.