15,841 பேர் எங்கே போனார்கள்?

காஜாங்கில் நான் அறிவியல் கற்பிக்கும் பள்ளியில், படிவம் 4 மாணவர்கள் ஐந்து குழுக்களாகப் பிரிந்து ஒரு வாரம் மழையை அளந்தார்கள். ஒவ்வொரு குழுவும் தன் அளவுகளைத் தனித்தனி எக்செல் கோப்பில் பதிந்து கொடுத்தது. ஐந்தையும் ஒன்றாக்கிச் சராசரி எடுத்தோம். வந்த எண் பொருந்தவில்லை. தேடிப் பார்த்தால், நான்கு குழுக்கள் மில்லிமீட்டரிலும் ஒரு குழு சென்டிமீட்டரிலும் எழுதியிருந்தன. 25 இருக்க வேண்டிய இடத்தில் 2.5! கணினி ஒன்றும் சொல்லவில்லை. கொடுத்ததைக் கூட்டி, வகுத்துத் தந்துவிட்டது.

எங்கள் பிழையால் யாருக்கும் கேடில்லை. ஆனால், இதே வேலையில் நேர்ந்த பிழை இங்கிலாந்தை 2020 அக்டோபரில் உலுக்கியது.

அங்கே பரிசோதனைக் கூடங்கள் கோவிட் முடிவுகளை ‘சிஎஸ்வி’ எனும் எளிய எழுத்துக் கோப்புகளாக அனுப்பின. பொதுச் சுகாதாரத் துறை அவற்றை எக்செல்லின் பழைய ‘எக்ஸ்எல்எஸ்’ வடிவத்தில் ஒன்றுசேர்த்தது. அந்த வடிவம் 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்காது. ஒரு நோயாளியின் விவரத்திற்கே பல வரிசைகள் தேவைப்பட்டதால், ஒரு கோப்பில் ஏறத்தாழ 1,400 பேருக்குத்தான் இடமிருந்தது. மீதி விடுபட்டுப் போனது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் கணக்கில் ஏறவில்லை. நோயாளிகளுக்கு முடிவு தெரிந்திருந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணி தாமதமானது. அந்த நாள்களில் கிருமி காத்திருக்குமா?

சரி, கோப்புகளை எப்படிச் சேர்ப்பது? இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அடுக்குவது: ஜனவரிக் கோப்பின் கீழே பிப்ரவரிக் கோப்பை வைப்பது. தலைப்புகளும் அலகுகளும் ஒன்றாக இருக்க வேண்டும். மற்றது, பொருத்துவது: இரு கோப்புகளிலும் உள்ள பொதுவான ஒரு விவரத்தைச் சாவியாகக் கொண்டு, அவற்றைப் பக்கவாட்டில் இணைப்பது.

நம் நாட்டுத் தரவையே எடுத்துக்கொள்வோம். சுகாதார அமைச்சு 2021 ஜூலையில் கோவிட் தரவுகளை ‘கிட்ஹப்’ தளத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. மாநிலவாரித் தொற்று ஒரு கோப்பு, மக்கள்தொகை இன்னொரு கோப்பு. 2020 கணக்கெடுப்பின்படி சிலாங்கூரில் ஏறத்தாழ 70 லட்சம் பேர், புத்ராஜெயாவில் ஏறத்தாழ 1 லட்சத்து 10 ஆயிரம் பேர். வெறும் தொற்று எண்ணிக்கையை வைத்து இவ்விரண்டையும் ஒப்பிடுவது நியாயமில்லை. ஒரு லட்சம் பேருக்கு எத்தனை தொற்று என்று பார்க்க வேண்டும். அதற்கு இரு கோப்புகளையும் ‘மாநிலம்’ எனும் சாவியால் பொருத்த வேண்டும்.

இங்கே மூன்று பள்ளங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, பெயர். ஒரு கோப்பில் ‘கோலாலம்பூர்’ என்றும் மற்றொன்றில் ‘கூட்டரசுப் பிரதேசம் கோலாலம்பூர்’ என்றும் இருந்தால், நமக்கு ஒரே ஊர். கணினிக்கு இரண்டு ஊர். பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி கூடுதலாக இருந்தாலும் இதே கதைதான்.

இரண்டாவது, தேதி. 03/04/2021 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க முறையில் அமைந்த கணினிக்கு மார்ச் 4. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2021-04-03 என எழுதினால் குழப்பமில்லை.

மூன்றாவது, இரட்டிப்பு. 30 நாள் தொற்றுக் கோப்போடு மக்கள்தொகையைப் பொருத்தினால், சிலாங்கூரின் 70 லட்சம் ஒவ்வொரு நாளுக்கும் ஒருமுறை என 30 முறை வரும். தெரியாமல் அதைக் கூட்டினால் சிலாங்கூரில் 21 கோடிப் பேர்!

இவற்றுக்கெல்லாம் முதல் மருந்து எண்ணுவதுதான். சேர்ப்பதற்கு முன் எத்தனை வரிசைகள் வர வேண்டும் என்று தாளில் எழுதுங்கள். சேர்த்தபின் எண்ணுங்கள். குறைந்தால் ஏதோ விழுந்துவிட்டது. கூடினால் ஏதோ இரட்டித்துவிட்டது. மூலக் கோப்புகளை மட்டும் திருத்தாமல் அப்படியே வைத்திருங்கள்.

எண்ணிக்கை சரியாக வந்தாலும் அலகுப் பிழை தப்பிவிடும் என்பதால், எங்கள் மாணவர்கள் இப்போது ஒவ்வொரு கோப்பிலும் குழுவின் பெயரோடு அலகையும் எழுதுகிறார்கள். ஐந்து குழு, ஏழு நாள்: 35 வரிசைகள். அந்த 35 வராதவரை சராசரியைத் தொடுவதில்லை.