முட்டை அட்டை வேண்டாம்... டிரம்ஸ் ரெக்கார்டிங்குக்கு வீட்டிலேயே செய்யலாம் பேனல்!

பிள்ளை டிரம்ஸ் வாசிப்பதை நேரில் கேட்டால் பிரமாதமாக இருக்கிறது. அதையே ரெக்கார்டு செய்து கேட்டால், குளியலறைக்குள் தகர டப்பாவைத் தட்டியதுபோல் இருக்கிறது. ஆன்லைன் கிரேடு தேர்வுக்கு வீடியோ அனுப்ப வேண்டிய வாரத்தில்தான் பல வீடுகளில் இது தெரியவரும். உடனே, “நல்ல மைக் வாங்கிடலாம்ப்பா” என்று கோரிக்கை எழும். கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலும் குற்றவாளி மைக் இல்லை, அறைதான்.

சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. மூன்றுமே ஒலியை விழுங்காமல் திருப்பி அடிக்கும். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. சுவர் மூன்று அடி தள்ளி இருந்தால், மோதித் திரும்பும் சத்தம் ஐந்தாறு மில்லி செகண்டில் வந்துவிடும். அதைத் தனி எதிரொலியாக நம்மால் பிரித்தறிய முடியாது. அது அசல் ஒலியோடு கலந்து சில ஸ்வரங்களை அமுக்கி, சிலவற்றைத் தூக்கிவிடும். தகர டப்பா சத்தம் அதுதான். நேரில் கேட்கும்போது இரண்டு காதுகளும் மூளையும் சேர்ந்து அதை ஓரளவு ஒதுக்கிவிடுகின்றன. மைக்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

இதற்கு முதலில் கணக்கு போட்டவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். 1895-ல், புதிதாகக் கட்டிய ஃபாக் அருங்காட்சியக அரங்கில் பேராசிரியர் பேசினால் யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் அடங்கவே ஐந்தரை நொடி ஆனது. சபைன் பக்கத்து சாண்டர்ஸ் தியேட்டரிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கிவந்து பரப்பி, ஒலி எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று அளந்தார். காலைக்குள் எல்லாவற்றையும் திருப்பி வைத்துவிடுவார்! நாம் செய்யப்போகும் பேனலும் தூக்கிச் செல்லக்கூடிய மெத்தைதான். சுவரில் ஆணி அடித்தால் முகம் சுளிக்கும் ஹவுஸ் ஓனர்கள் இருக்கும் ஊரில், அது பெரிய வசதி.

செய்வதற்கு முன் ஒரு விஷயம். இந்த பேனல் அறைக்குள் இருக்கும் எதிரொலியைத்தான் குறைக்கும். பக்கத்து ஃபிளாட்டுக்குப் போகும் சத்தத்தை நிறுத்தாது. அதை நிறுத்த கனமான சுவரும் காற்றுப் புகாத கதவும் வேண்டும். “பேனல் போட்டாச்சு, இனி ராத்திரியும் வாசிக்கலாம்” என்று நினைத்துச் செலவு செய்தால், பணமும் போகும், அசோசியேஷன் மீட்டிங்கில் உங்கள் பெயரும் வரும். முட்டை அட்டை இன்னும் மோசம். கீச்சுக் குரல் ஒலிகளை மட்டும் லேசாகத் தொடும், தீப்பொறி பட்டால் குபீரெனப் பிடிக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். உள்ளே வைக்க வேண்டியது ராக்வூல். ஏசி டக்ட், பாய்லர் வேலைக்குப் பொருள் விற்கும் கடைகளில் இரண்டு அங்குலப் பலகைகளாகக் கிடைக்கும். ஒரு கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி போதும். இரண்டு பலகைகளை அடுக்கி நான்கு அங்குல தடிமன் ஆக்குங்கள். ஒரு அங்குல ஃபோம் சிம்பலின் ‘சிஸ்’ஸை மட்டும் தின்றுவிட்டு மற்றதை விட்டுவிடும். அறை மந்தமாகுமே தவிர சுத்தமாகாது.

பலகையை வாங்கி அளந்த பிறகே நான்கு அங்குல ரீப்பர் கட்டையில் சட்டம் அடியுங்கள். நாலுக்கு இரண்டு அடி நல்ல அளவு. உள் அளவு அரை சென்டிமீட்டர் குறைவாக இருந்தால் பலகை தானே இறுக நிற்கும். பின்பக்கம் பிளைவுட் அடிக்காதீர்கள், இரு பக்கமும் ஒலி நுழைய வேண்டும். மூட காடா துணியோ சணல் துணியோ சரி. வாயில் வைத்து ஊதினால் மூச்சு எளிதாக மறுபக்கம் போக வேண்டும், அதுதான் பரீட்சை. இழை வெளியே உதிராமல் இரண்டு சுற்றாக இழுத்து ஸ்டேப்ளர் கன்னால் அடியுங்கள். ராக்வூல் அரிக்கும். மாஸ்க், கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். குழந்தைகளை அந்த நேரம் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடலாம். துணி கிழிந்தால் அன்றே தையுங்கள்.

அடியில் இரு பக்கமும் குறுக்குக் கட்டை வைத்த கால்கள், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு. சிம்பல் நிற்கும் உயரம் அப்போதுதான் கிட்டும். ஒரு பேனல் ஏழெட்டு கிலோ வரும், பத்தாவது படிக்கும் பையனே தூக்குவான்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு ஆறு போதும். வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு மூலைகளிலும் குறுக்காக ஒவ்வொன்று. கிக் டிரம்மின் 60 ஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 19 அடி நீளம். நான்கு அங்குலப் பேனல் அதை முழுசாகப் பிடிக்காது, மூலையில் பின்னால் காற்று இடம் விட்டால் கொஞ்சமாவது அடக்கும். மற்ற நான்கில் இரண்டை பக்கச் சுவர்களுக்கு அரை அடி முன்னால் நிறுத்துங்கள். மீதியை மைக்குக்குப் பின்னால் வைத்து, ஒவ்வோர் அடியாக நகர்த்திக் கேளுங்கள். தரைக்குப் பழைய ஜமுக்காளமோ தடித்த கம்பளமோ.

மிருதங்கம் வாசிக்கும் வீடுகளுக்கு இவ்வளவு தேவையில்லை. வலந்தலைப் பக்கம் ஒன்று, தொப்பிப் பக்கம் ஒன்று, காலை எடுத்துவிட்டுத் தரையில் நிறுத்தினால் போதும்.

வித்தியாசம் தெரிய, பேனல் வைப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று கை தட்டி போனில் பதிவு செய்யுங்கள். முதல் பதிவில் தட்டலுக்குப் பின் ஒரு ‘ட்ரிங்ங்’ இழுக்கும். இரண்டாவதில் தட்டல் மட்டும் இருக்கும். இன்னும் இழுத்தால் மேலே பாருங்கள், சிம்பலுக்கு நேர் மேலே வெறும் கான்கிரீட். அங்கே தொங்கவிட ஆணி அடிக்கத்தான் வேண்டும், ஓனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரெக்கார்டிங் முடிந்ததும் ஆறையும் பீரோவுக்குப் பின்னால் தள்ளிவிடலாம்.