முகப்பை மூடிய மூடிகள்

குப்பையில் கிடைத்த கலை – 9

2013 கோடையில் லண்டனின் பிக்காடிலி சாலையிலிருந்து பர்லிங்டன் ஹவுஸ் முற்றத்துக்குள் நுழைந்தவர்களுக்கு, அந்தப் பழைய கட்டடத்தின் முகப்பு பெரும்பாலும் தெரியவில்லை. ஏறத்தாழ 25 மீட்டர் அகலம், 15 மீட்டர் உயரத்தில், வெயிலில் தகதகக்கும் உலோகத் திரை ஒன்று அதன்மேல் தொங்கியது. உள்ளே ராயல் அகாடமியின் கோடைக் கண்காட்சி. எழுத்தில் சொல்லாமலே 'உள்ளே வாருங்கள்' என்று அழைத்தது அந்தத் திரை.

கிட்டே போய்ப் பார்த்தால் எல்லாம் கழித்துப் போட்ட சாமான்! மதுப்புட்டி மூடிகள், அச்சகம் பயன்படுத்தித் தள்ளிய அலுமினியத் தகடுகள், கூரைத் தகட்டுத் துண்டுகள். அத்தனையையும் செம்புக் கம்பி பிணைத்திருந்தது.

'சியாட்சியா' என்ற அந்தப் படைப்பு எல் அனாட்சுயியுடையது. 1944இல் கானாவில் பிறந்து, 1975 முதல் நைஜீரியாவின் நுசுக்கா பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் சிற்பம் கற்பித்தவர். 1990களின் கடைசியில் நுசுக்கா அருகே மூடிகள் நிறைந்த பை ஒன்று அவர் கண்ணில் பட்டது. எடுத்து வந்த பை சில மாதங்கள் அப்படியே கிடந்தது. அதன் பிறகுதான் வேலை தொடங்கியது.

அந்த வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். மூடியின் தலையைத் தட்டையாக்கினால் வட்ட வில்லை கிடைக்கும். கழுத்துப் பகுதியைப் பிரித்து மடித்தால் பட்டை; திருகினால் வளையம். ஓரங்களில் துளையிட்டு, கம்பி கோத்து, உதவியாளர்கள் சிறு சிறு பாளங்களாகத் தைக்கிறார்கள். அவற்றைத் தரையில் பரப்பி, இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தே முழு உருவத்தை அனாட்சுயி முடிவு செய்கிறார். வேலை முடிந்ததும் ஜமுக்காளம்போல் மடித்துப் பெட்டியில் வைத்து அனுப்பிவிடலாம். மாட்டுகிற இடத்துக்கு ஏற்ப மடிப்புகளும் மாறும். வெளிப்புறத்துக்கு இது பெரிய அனுகூலம்: பொருள் கனமற்றது, அலுமினியத்தில் துரு ஏறாது, துண்டுகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் காற்றும் புகுந்து போகும். ஃப்ளெக்ஸ் கட்டுகிறவர்கள் பேனரில் ஆங்காங்கே பிறை வடிவில் கீறிவிடுவதும் இந்தக் காற்றுக்காகத்தான்.

லண்டனுக்கு முன்பே 2007இல் வெனிஸின் ஃபார்ச்சூனி மாளிகை, 2010இல் பெர்லினின் பழைய தேசியக் கலைக்கூடம் ஆகியவற்றின் முகப்புகளை அவர் போர்த்தியிருந்தார். 2012இல் நியூயார்க்கின் ஹைலைன் பூங்காவை ஒட்டிய சுவருக்கோ தகரத்தையும் கண்ணாடியையும் தேர்ந்தெடுத்தார். வானமும் சுற்றியுள்ள நகரமும் அந்தக் கண்ணாடிகளில் விழுந்து, காலையில் பார்த்த சுவர் மாலையில் வேறாகிவிடும். கண்ணை இழுக்க இதைவிடச் சிக்கனமான வழி இருப்பதாகத் தெரியவில்லை.

பளபளப்பு மட்டுமே இந்த மூடித் திரைகளின் பலம் என்று நினைத்துவிடக் கூடாது. மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்கு ஐரோப்பிய வணிகர்கள் கொண்டுவந்த பண்டமாற்றுச் சரக்குகளில் மதுவும் ஒன்று. அடிமை வியாபாரத்திலும் அது புழங்கியது. அந்த வரலாற்றை மூடியும் சுமக்கிறது. கழிவுப்பொருள் எதுவாக இருந்தாலும் சரி என்று எடுத்து ஒட்டியிருந்தால், இந்த ஆழம் வந்திருக்காது.

'சியாட்சியா'வுக்கு 2013இல் சார்லஸ் வொலாஸ்டன் விருது கிடைத்தது. பரிசுத்தொகை 25,000 பவுண்டு.

நம் ஊரில் கண்காட்சி நடத்துகிற நண்பர்களே, அடுத்த முறை ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுக்கும் முன் பக்கத்துக் காயலான் கடையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். உங்கள் கண்காட்சி எதைப் பற்றியதோ, அதோடு உறவுள்ள பொருளாகத் தேடி எடுங்கள்.

(தொடரும்)