கடலடி நிலம் – 9: சரியக் காத்திருந்த சேறு

சென்ற வாரம், 1929-இல் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கடலடித் தந்திக் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்த கதையைப் பார்த்தோம். நிலம் நடுங்கியது, சேறு சரிந்தது, கம்பி அறுந்தது. பூகம்பத்தைக் கூண்டில் ஏற்றிவிட்டு நடையைக் கட்டிவிடலாம்தான். ஆனால் அதே வலுவுள்ள நடுக்கத்தைத் தாங்கிக்கொண்டு அசையாமல் நிற்கும் கடற்சரிவுகளும் உண்டே! அப்படியானால், குலுங்குவதற்கு முன்பே அந்த மண் என்ன பாடுபட்டிருந்தது என்று பார்க்க வேண்டும்.

அதற்கு நார்வேயின் மேற்குக் கடலுக்குத்தான் போக வேண்டும். சுமார் 8,150 ஆண்டுகளுக்கு முன் அங்கே நடந்தது ஸ்டொரெக்கா சரிவு. கண்டத்திட்டின் விளிம்பு ஏறக்குறைய 300 கி.மீ. நீளத்துக்குப் பிய்ந்துகொண்டது. சேறு 800 கி.மீ. வரை ஓடியது. இத்தனைக்கும் அது மலைச்சரிவு போலச் செங்குத்தான இடமே இல்லை. பெரும்பகுதியில் சாய்வு ஒரு பாகை அளவுதான். நூறு மீட்டர் நடந்தால் இரண்டு மீட்டர்கூட இறங்க மாட்டோம்.

இவ்வளவு தட்டையான இடம் எப்படிச் சரிந்தது? பனியுகங்களுக்கு இடைப்பட்ட வெதுவெதுப்பான காலங்களில், கடல் நீரோட்டங்கள் நுண்ணிய களிமண்ணைக் கொண்டுவந்து படுகை படுகையாகப் படியவைத்தன. நீர் கோத்த, மெத்தென்ற மண். பிறகு பனியுகம் வந்தது. நிலத்தைச் சுரண்டிக்கொண்டு வந்த பனியாறுகள், கல்லும் மண்ணும் கலந்த பெருஞ்சுமையைத் திட்டின் விளிம்பில் குறுகிய காலத்தில் கொட்டிக் குவித்தன. அடியிலிருந்த களிமண்ணில் அகப்பட்ட நீர் வெளியேற வழியில்லை. களிமண்ணின் துளைகள் அவ்வளவு நுணுக்கமானவை. மேல்சுமையை மண்துகள்கள் தாங்குவதற்குப் பதில் நீரே தாங்க வேண்டியதாயிற்று. நீருக்கு ஏது பிடிமானம்? அந்தப் படுகை வழுக்கத் தயாராகிவிட்டது.

பனி உருகியபோது, பாரம் நீங்கிய நிலம் மெல்ல மேலெழும்பியது. அந்த அசைவில் பூகம்பங்கள் பிறந்தன. அவற்றில் வலுவான ஒன்று சரிவைத் தொடங்கிவைத்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. முதலில் பெயர்ந்தது கீழ்ப்பகுதி. முட்டுக்கொடுத்த மண் போனதும் அதற்கு மேலிருந்த பாளம் விழுந்தது, பிறகு அதற்கும் மேலே இருந்தது. இப்படியே கரையை நோக்கிப் பின்வாங்கிய சரிவு, பனி அழுத்தி இறுக்கிய கெட்டி மண்ணில் வந்து முட்டித்தான் நின்றது.

பெயர்ந்த மண் சுமார் 3,000 கன கி.மீ. என்றுதான் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2023-இல் வந்த ஓர் ஆய்வு, அந்தக் கணக்கில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய வேறொரு சரிவுக்கு உரியது என்று பிரித்துக் காட்டியது. எனக்கு இது வெறும் கணக்குத் திருத்தமாகத் தோன்றவில்லை. ஒரே நாளில் விழுந்ததாக நினைத்த சுவர், உண்மையில் தவணை முறையில் விழுந்திருக்கிறது.

சரிவு கிளப்பிய ஆழிப்பேரலை ஷெட்லாந்து தீவுகளில் 20 மீட்டருக்கு மேல் ஏறியது. நார்வேக் கரையில் அது விட்டுச்சென்ற மணலுக்குள் பாசிச் செடிகள் புதைந்து, பச்சை நிறம்கூட மாறாமல் கிடைத்தன. அந்த வகைப் பாசி ஆண்டுக்கு ஒரு படியாக வளரும். கடைசித் தளிரின் நீளத்தை அளந்து பார்த்தவர்கள், அலை வந்தது இலையுதிர்காலத்தின் பிற்பகுதி என்று கணித்தார்கள். எண்ணாயிரம் ஆண்டுக்கு முந்தைய விபத்துக்குப் பருவம் குறித்துக் கொடுத்திருக்கிறது ஒரு பாசி!

இதே சரிவு விட்டுப்போன பள்ளத்தின் அடியில்தான் 1997-இல் ஒர்மன் லாங்கே எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே துளையிடலாமா என்று அறியத்தான் சரிவின் காரணத்தை விரிவாக ஆராய்ந்தார்கள். சரிய வேண்டியது சரிந்துவிட்டது. இன்னொரு பனியுகம் வந்து புதுச்சுமை ஏற்றினால்தான் மறுபடி அத்தனை பெரிய சரிவு நேரும் என்று முடிவு சொன்னார்கள். 2007-இல் எரிவாயு வரத் தொடங்கியது.

பனியாறு எட்டாத கடல்களில் இந்தச் சுமையை ஏற்றுபவை நதிகள். அடுத்த வாரம் மிசிசிப்பி முகத்துவாரத்துக்குப் போவோம். 1969-இல் கமீல் புயலின்போது அங்கே எண்ணெய் மேடைகளைக் கவிழ்த்தது கடலடிச் சேறு.

(தொடரும்)