கடைமடையிலிருந்து பார்த்தால்

திருச்சியிலிருந்து மேற்கே சுமார் 18 கிலோமீட்டர் போனால் முக்கொம்பு. அகண்ட காவிரி இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்கே போவது காவிரி. இரண்டுக்கும் நடுவில் ஸ்ரீரங்கம் தீவாகக் கிடக்கிறது. தெற்குக் கிளை கல்லணை வழியாகத் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை வயல்களுக்குப் பாய்கிறது. வடக்குக் கிளை பெருவெள்ளத்தைச் சுமந்துகொண்டு கடலை நோக்கி விரைகிறது. எந்தப் பக்கம் எவ்வளவு தண்ணீர் என்பதை இங்குள்ள ஷட்டர்கள் முடிவு செய்கின்றன. இங்கே ஒரு ஷட்டர் ஏறுவதும் இறங்குவதும், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் தலைஞாயிறு பக்கத்தில் நாற்று விட்டுக் காத்திருப்பவரின் சாகுபடியைத் தொடும்.

டெல்டாக்காரர்களுக்குத் தலைமடை, கடைமடை என்ற இரண்டு சொற்களை விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் முதலில் வரும் இடம் தலைமடை. எல்லோரும் எடுத்த பிறகு மிச்சம் வந்தால் வரும் இடம் கடைமடை. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவது இயற்கை விதி. மேட்டில் இருப்பவர் வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே விடுவதும் அதே விதிதானா? சாதி, நிலவுடைமை, பதவி என எந்த அதிகாரத்தைக் கேள்வி கேட்டாலும், “உலகம் அப்படித்தான்” என்ற பதில் வருகிறது. அந்தப் பதிலைச் சோதித்துப் பார்க்க முக்கொம்பு நல்ல இடம்.

ஆறு தானே வளர்க்கும் ஏற்றத்தாழ்வு

ஓர் ஆறு இரண்டாகப் பிரிந்தால், இரு கிளைகளும் சமமாகத் தொடங்கினாலும் சமமாகவே நீடிப்பது அரிது. சரிவு சற்றுக் கூடுதலாக உள்ள கிளையில் தண்ணீர் வேகமாக ஓடும். வேகம் கூடினால் மணலை அரிக்கும் வலுவும் கூடும். அரிக்க அரிக்கப் படுகை ஆழமாகும். ஆழமான பக்கமே இன்னும் அதிகத் தண்ணீர் சாயும். மற்றக் கிளையில் இதற்கு நேர் எதிராக நடக்கும். வேகம் குறைந்த நீர் மணலைச் சுமக்க முடியாமல் கீழே போட்டுவிடும், படுகை மேடாகும், வரவு மேலும் குறையும். தொடக்கத்தில் கைப்பிடியளவாக இருந்த வித்தியாசம், தலைமுறைகள் கடந்தால் ஒரு கிளையைப் பேராறாகவும் மற்றதை மணல் ஓடையாகவும் ஆக்கிவிடும்.

கொள்ளிடத்துக்குச் சரிவு அதிகம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்ணீர் அந்தப் பக்கமே மேலும் மேலும் சாய, காவிரியின் தலைப்பு மணல் மேடிட்டது. தஞ்சையின் பாசனம் நலிந்தது. யாரும் சதி செய்யவில்லை, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. சிறு அனுகூலம் தன்னைத்தானே பெருக்கிக்கொண்டது, அவ்வளவுதான். சமுதாயத்திலும் இது நடக்கிறது. நிலம் உள்ளவருக்குக் கடன் கிடைக்கிறது, கடன் கிடைத்தவருக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கிறது, படித்தவருக்குப் பதவி கிடைக்கிறது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு படியும் நியாயமாகவே தெரியும். மொத்தமாகப் பார்க்கும்போது ஒரு பக்கம் ஆழமாகிக்கொண்டே போவதும் மறுபக்கம் மேடாகிக்கொண்டே போவதும் புலப்படும்.

1830களில் ஆர்தர் காட்டன் என்ற ராணுவப் பொறியாளர் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். ஆழம் காணாத மணலின் மேல் அடித்தளம் போடும் முறையைக் கல்லணையைக் கட்டிய பழைய தமிழ்ப் பொறியாளர்களிடமிருந்தே கற்றுக்கொண்டதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்தத் தாழ்வான சுவர் நீர்மட்டத்தை உயர்த்தியது; காவிரிக்கு அதன் பங்கு திரும்பக் கிடைத்தது. ஆனால் வேலை அத்தோடு முடியவில்லை. இப்போது காவிரிப் பக்கம் அளவுக்கு மீறி நீர் புகுந்து படுகையை அரிக்கத் தொடங்கியது. அதனால் 1840களில் மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தி, காவிரித் தலைப்பில் ஆற்றின் தரையோடு ஒரு தடுப்புச் சுவரும் கட்ட வேண்டியிருந்தது. நம் காலத்திலும் அந்த வேலை முடியவில்லை: 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பில் கொள்ளிடத்தின் பழைய கதவணையில் 9 ஷட்டர்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. அதன் பிறகு புதிய கதவணை எழுந்தது.

இந்த வரலாற்றில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று. ஏற்றத்தாழ்வு தானாக வளரும். சமநிலையை மனிதர்கள்தான் கட்ட வேண்டும், கட்டிய பிறகும் கண்காணித்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

நல்ல அணை, கெட்ட விளைவு

அந்தச் சமநிலையைக் கட்டுவது யார்? பெரும் நீர்ப்பாசனத்துக்கு இரும்புக் கரம் கொண்ட மைய அரசு இல்லாமல் ஆகாது என்று 1957இல் கார்ல் விட்ஃபோகல் என்ற வரலாற்றறிஞர் வாதிட்டார். பாலித் தீவு அதற்கு நேர் மாறான காட்சியைக் காட்டியது. அங்கே சுபக் எனப்படும் உழவர் கூட்டமைப்புகள், நீர்க்கோயில்களை மையமாக வைத்து, எந்த ஊர் எப்போது நடவு செய்வது என்பதைத் தங்களுக்குள் பேசி முடிவு செய்கின்றன. மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் இதைக் கணினி மாதிரியில் ஓட்டிப் பார்த்தார். மேல்மடைக்காரர்களும் கீழ்மடைக்காரர்களும் ஒத்துழைக்க ஒரு காரணம் பூச்சி. அண்டை ஊர்கள் ஒரே காலத்தில் நட்டு ஒரே காலத்தில் அறுத்தால் பூச்சிகளுக்குத் தீனி அற்றுப்போகும். மேல்மடைக்குத் தண்ணீர்க் கவலை இல்லை, ஆனால் பூச்சிக் கவலை உண்டு. அதனால் தண்ணீரைப் பகிர்வது அவர்களுக்கும் லாபமாகிறது.

இதைவிட வியப்பான செய்தி நேபாளத்திலிருந்து வந்தது. 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ராமும் அவருடைய குழுவினரும் அங்கே ஏராளமான பாசன அமைப்புகளை ஒப்பிட்டார்கள். கல்லும் மண்ணும் தழையும் கொண்டு உழவர்களே கட்டிய கொரம்புகள் ஒரு பக்கம். அரசு கட்டிய உறுதியான சிமென்ட் தலைப்பு அணைகள் மறுபக்கம். கடைமடைக்கு நியாயமாகத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் உழவர்களின் அமைப்புகளில்தான்.

காரணம் எளியது. மண் கொரம்பு ஆண்டுதோறும் உடையும். அதைத் திரும்பக் கட்டத் தலைமடைக்காரர்களின் கைகள் மட்டும் போதாது. கடைமடைக்காரர்களும் மண்வெட்டியோடு வர வேண்டும். “எங்கள் பங்கைத் தந்தால் வருகிறோம்” என்று சொல்லும் வலு அவர்களுக்கு இருந்தது. சிமென்ட் அணை வந்ததும் அந்த உழைப்பு தேவைப்படவில்லை. உழைப்போடு பேரம் பேசும் வலுவும் போயிற்று. ஆகவே அதிகாரம் எங்கே இருக்கிறது என்று அறிய விரும்பினால், யாருக்கு யார் தேவை என்று கேட்க வேண்டும். மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் தேவைப்படாத நாளில் நியாயமும் வடிந்துவிடும்.

உழைப்பு இருந்தும் பங்கு இல்லாதவர்கள்

அப்படியானால் காவிரி டெல்டாவில் நடந்தது என்ன? இங்கே மேலே இருந்தவர்களுக்குக் கீழே இருந்தவர்களின் உழைப்பு ஒவ்வொரு நாளும் தேவைப்பட்டது. ஆனால் அந்த உழைப்பைப் பேரமாக மாற்றும் உரிமை, சாதியால் பறிக்கப்பட்டிருந்தது. சேற்றில் நடவு நட்டவர்களும் வாய்க்கால் வெட்டியவர்களும் பெரும்பாலும் நிலமற்ற தலித் பண்ணையாட்கள். நிலமும் அதோடு தண்ணீரும் மிராசுதார்களிடம். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகும், செங்கொடிச் சங்கமாகத் திரண்டு கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பேரம் பேசும் உரிமையைக் கேட்டதற்கு அதிகாரம் தந்த பதில் அது.

பழம்பெருமைகளையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஏரி வாரியத்துக்கு ஆட்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்கிறது. மூன்றாண்டுக்குள் வாரியப் பொறுப்பில் இருந்தவருக்கு மறுபடி இடமில்லை. கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. அதிகாரம் ஒருவரிடம் தேங்காமல் தடுக்கும் அருமையான விதிகள். ஆனால் குடத்துக்குள் ஓலை விழ நிலம் வேண்டும், வேதக் கல்வி வேண்டும்; பெண்களின் ஓலையும் ஏரியில் மண் சுமந்தவர்களின் ஓலையும் அதில் விழவே இல்லை. விதிகளின் கூர்மையைக் கற்றுக்கொள்வோம். குடத்தின் வாயை அகலமாக்குவோம்.

தண்ணீரை நிலத்திலிருந்து பிரித்தால்

குடத்தின் வாயை அகலமாக்க முடியுமா என்றால், செய்து காட்டியிருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் 1972இன் கொடிய பஞ்சத்துக்குப் பிறகு, விலாஸ்ராவ் சாளுங்கே என்ற பொறியாளர் புணே மாவட்டத்தின் புரந்தர் வட்டத்தில் ‘பானி பஞ்சாயத்து’ என்ற முறையைத் தொடங்கினார். தண்ணீர் ஏக்கர் கணக்கில் கிடையாது, தலைக்கணக்கில்தான். ஆளுக்கு அரை ஏக்கருக்கான நீர், குடும்பத்துக்கு அதிகபட்சம் இரண்டரை ஏக்கருக்கானது. எத்தனை ஏக்கர் வைத்திருந்தாலும் இதுதான். தண்ணீரை உறிஞ்சும் கரும்புக்கு இடமில்லை. நிலமில்லாதவருக்கும் நீர்ப்பங்கு உண்டு. நிலத்தை விற்றாலும் அதோடு தண்ணீர் உரிமை போகாது. ஒரே ஒரு விதியை மாற்றியதும், ஊரின் கூட்டத்தில் யார் பேசலாம் என்பதே மாறியது.

நம் டெல்டாவில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் வேறொரு முனையிலிருந்து தொடங்கினார். வெண்மணிப் படுகொலையால் உலுக்கப்பட்டு அந்த மண்ணுக்கே வந்தவர் அவர். 1981இல் உருவான லாஃப்டி அமைப்பின் மூலம், மிராசுதார்களிடமிருந்து நிலத்தை வாங்கி, ஆயிரக்கணக்கான நிலமற்ற தலித் குடும்பங்களுக்குக் குடும்பத்துக்கு ஒரு ஏக்கராகப் பெண்களின் பெயரிலேயே பதிவு செய்ய வைத்தார். கூலிக்கு நட்ட கைகள் சொந்த வயலில் நட்டன.

இவ்வளவு இருந்தும் இன்றைய பாசனச் சங்கங்களில் உறுப்பினராக அடிப்படைத் தகுதி நிலம்தான். காவிரி பொய்த்தால் முதல் வாரத்திலேயே வேலையிழப்பவர் நடவுப் பெண். நிவாரணமோ பெரும்பாலும் ஏக்கர் கணக்கில் அளக்கப்படுகிறது. முறைவைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனத்தை முடிவு செய்யும் கூட்டத்தில் கூலித் தொழிலாளருக்கும் குத்தகைதாரருக்கும் பெண்களுக்கும் உறுதியான இடம் தர வேண்டும். எந்த மதகில் எவ்வளவு நீர் திறக்கப்பட்டது என்ற கணக்கை ஒவ்வோர் ஊரிலும் எழுதி வைக்க வேண்டும். தட்டுப்பாட்டு ஆண்டுகளில் முறையைக் கடைமடையிலிருந்து தொடங்க வேண்டும். இவற்றுக்குப் புதிய அணை தேவையில்லை. புதிய விதிகள் போதும்.

நியாயமான சமுதாயம் வெறும் கனவு என்பவர்கள், ஆற்றைத் திருப்பிய மனிதர்களின் வரலாற்றை மறந்துவிடுகிறார்கள். ஆழம் காணாத மணலின் மேல் அணை கட்டத் தெரிந்த மண் இது. தண்ணீரைப் பங்கிடும் கூட்டத்தில் எல்லோருக்கும் இடம் தருவது அதைவிடக் கடினமான பொறியியல் அல்ல. தலைமடையில் உள்ளவர்கள் மனம் வைக்க வேண்டும், கடைமடையில் உள்ளவர்கள் ஒன்றுகூடிக் கேட்க வேண்டும்.