செயலி இல்லாதவரும் நம் வாடிக்கையாளரே



சென்ற பொங்கலுக்கு முன் எனக்கு நேர்ந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். பல ஆண்டுகளாக நான் நெய் எடுத்து வந்த ஒரு கம்பெனி, இனி ஆர்டரைத் தங்கள் செயலியில் மட்டுமே போட வேண்டும் என்று அறிவித்தது. என் கைபேசி பழைய மாடல். செயலி அதில் ஏறவில்லை. புதிது வாங்கிப் பேரன் வந்து போட்டுத் தருவதற்குள் பொங்கல் விற்பனை போய்விட்டது. பாக்கி ஒரு பைசா இல்லாதிருந்தும் சரக்கு வரவில்லை!

இதே சங்கடம் நம்மால் நம் வாடிக்கையாளருக்கு வரலாகாது.

பொது வழி எது?

2016-ல் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் தொடங்கிய யு.பி.ஐ. ஒரு பொதுப் பாதை. எந்தச் செயலியிலிருந்தும் எந்த வங்கிக்கும் பணம் அனுப்பலாம். ஆனால் அதற்குப் பின்னரும் சில நிறுவனங்களின் கியூ.ஆர். அட்டை அவர்கள் செயலிக்கு மட்டுமே பொருந்தியது. ஒரே கல்லாவில் நாலைந்து அட்டை தொங்கியது நினைவிருக்கும். 2020 அக்டோபர் 22-ல் ரிசர்வ் வங்கி, இத்தகைய தனி அட்டைகளைப் புதிதாக வெளியிடக் கூடாது, இருப்பவற்றை 2022 மார்ச் 31-க்குள் பொது அட்டையாக மாற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது.

ஒரே நிறுவனத்தை நம்பியிருப்பதிலும் ஆபத்துண்டு. 2024 ஜனவரியில் பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி மீது ரிசர்வ் வங்கி நடவடிக்கை எடுத்தது. மார்ச் 15-க்குப் பின் அங்கே புதிதாகப் பணம் வரவு வைக்க இயலவில்லை. அக்கணக்கில் வசூல் வாங்கிய வணிகர்கள் அவசரமாக வேறு வங்கி தேட நேர்ந்தது.

பட்டன் போன் போதும்

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட விவசாயிக்குப் பணம் வங்கிக் கணக்கில்தான் வருகிறது. ஆனால் அவர் மடியில் இருப்பது பட்டன் போன். அவருக்கும் வழியுண்டு. வங்கியில் பதிந்த எண்ணிலிருந்து *99# அழைத்தால், இணையம் இல்லாமலே பணம் அனுப்பலாம். முதல் முறை மட்டும் டெபிட் கார்டு விவரம் கொடுத்து இரகசிய எண் அமைக்க வேண்டும். 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அறிமுகம் செய்த யு.பி.ஐ. 123பே என்ற ஏற்பாட்டில், குரல் வழியாகவும் செலுத்தலாம். இதன் உச்சவரம்பை 5,000 ரூபாயிலிருந்து 10,000 ஆக்குவதாக 2024 அக்டோபரில் அறிவிப்பு வந்தது.

நாம் செய்ய வேண்டியவை

1. கியூ.ஆர். அட்டையை நம் கணக்குள்ள வங்கியிலேயே கேட்டு வாங்குங்கள்.

2. யு.பி.ஐ. இணைந்த கைபேசி எண்ணையும் கல்லாவில் எழுதி வையுங்கள். *99# வழி அனுப்புவோருக்கு அது தேவை.

3. ரொக்கத்தை மறுக்காதீர்கள். ரூபாய் நோட்டு சட்டப்படி செல்லும் பணம்.

4. செயலியோடு தொலைபேசி ஆர்டரையும் ஏற்குமாறு கம்பெனிகளைச் சங்கத்தின் மூலம் கேட்போம். தனித்தனியே கேட்டால் காதில் ஏறாது.

புதுமை வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்லாச் சாவி மட்டும் நம் இடுப்பிலேயே இருக்கட்டும்.